சத்தமில்லாமல் உருட்டிய வண்டி

விடியற்காலை ஐந்து மணி. லவ்டேலுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே இறங்குகிற ஒரு எஸ்டேட் ரோடு. ஒரு பக்கம் மண்மேடு. இன்னொரு பக்கம்... ஒன்றுமில்லை, வெறும் பனிமூட்டம். அந்த ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இறங்குகிறது. லைட் இல்லை. இன்ஜின் சத்தம் இல்லை. ஈரத் தாரில் டயர் ஒட்டி ஒட்டிப் போகிற சத்தம் மட்டும்.

ஷிஜோ தம்பி, இப்போது சொன்னாயே, ரோட்டில் விழுந்து கிடக்கிற மரத்தை அறுத்து வழிவிட்டதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் குன்னூர் வரை உருட்டியே போய்விடுவேன், பெட்ரோல் மிச்சம் என்று. அதைக் கேட்டதும்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது. மரம் அறுக்க ஆள் வர எப்படியும் நேரமாகும். கரண்டும் இல்லை. எல்லோரும் டீக்கடை அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நடந்தது எனக்கல்ல. என்னோடு பிக்கப் ஓட்டுகிற பாண்டியராஜின் தங்கை இந்துமதிக்கு. அவள் புருஷன் விமல். குன்னூரில் ஒரு பேக்கரியில் வர்க்கி போடுகிற வேலை. விறகு அடுப்பு. அவன் பக்கத்தில் நின்றாலே நெய்யும் புகையும் கலந்த வாசனை அடிக்கும். குடியிருப்பு எஸ்டேட் லயத்தில், மேட்டு உச்சியில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். முதல் வீட்டுப் பிள்ளை தும்மினால் கடைசி வீட்டில் 'ஆயுசு நூறு' என்பார்கள்.

விமலுக்கு ஒரு பழக்கம். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஏறமாட்டான். டயரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. முன் பிரேக்கை ஒரு பிடி, பின் பிரேக்கில் ஒரு மிதி. செயினை இழுத்து விடுவான். பிறகுதான் கிக்கரை உதைத்து, எதிர்ச் சுவரில் லைட் விழுகிறதா என்று பார்ப்பான். லயத்தில் அவனைக் கிண்டல் பண்ணாதவர்கள் கிடையாது.

"என்ன மாப்ள, பொண்ணு பாத்து முடிஞ்சுதா? புடிச்சிருக்கா?" என்பார்கள்.

"ஏர்றதுக்கு இன்ஜின் போதுமுங்க. எறங்கறதுக்கு பிரேக்குதானுங்க வேணும்" என்பான் அவன்.

அப்படிப்பட்டவன்தான்.

பெண் குழந்தை பிறந்தது. ராத்திரி முழுக்க வீல் வீலென்று அழும். விடிகிற நேரத்தில்தான் கண்ணை மூடும். அந்த நேரம் பார்த்து இவன் வண்டியை உதைத்தால் என்ன ஆகும்? லயத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தை இருக்கிற வரிசையில் யாரும் வாசலில் வண்டி ஸ்டார்ட் பண்ணமாட்டார்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கி, முதல் வளைவு தாண்டித்தான் கிளப்புவார்கள். பிள்ளையின் தூக்கத்துக்கு அந்த மரியாதை. விமலும் அப்படியே செய்தான். ஆனாலும் டயரையும் பிரேக்கையும் பார்க்காமல் நகரமாட்டான்.

அன்றைக்கு விடிய விடிய மழை. குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. வெளியே டயரில் தொப்பென்று ஒரு தட்டு. தொட்டில் அசைந்தது. இந்துமதி பதறிப்போய்க் கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

"ஏனுங்க... ஒண்ணும் பாக்க வேண்டாமுங்க. சத்தமே இல்லாம போயிருங்க. இப்பத்தான் கண்ணசந்தா."

அவன் தலையை ஆட்டினான். உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

முன் பிரேக் கேபிள் ஒற்றை இழையில் நின்றிருக்கிறது. ஒரு பிடி பிடித்துப் பார்த்திருந்தால் வாசலிலேயே அறுந்திருக்கும். பின் பிரேக் மழையில் ஊறிக் கிடந்தது, மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜின் ஓடினால்தான் அந்த வண்டிக்கு லைட். முதல் வளைவுக்குள்ளேயே வேகம் கைமீறிப் போயிருக்கும், கியரில் போடக்கூட நேரம் கிடைத்திருக்காது. மூன்றாவது வளைவில்... விழுந்த சத்தம்கூட லயத்துக்குக் கேட்கவில்லை. இலை எடுக்கப் போன பெண்கள்தான் பார்த்தார்கள்.

குழந்தை அன்றைக்கு வெகுநேரம் தூங்கியதாம்.

இந்துமதி அழவில்லை. 'நாந்தான், நாந்தான்' என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சில்லை. பெற்ற பிள்ளை தூங்கட்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா? ஆனால் அதை யார் அவளுக்குச் சொல்லிப் புரியவைப்பது?

காரியம் முடிந்த மறுநாள். விடியற்காலை. வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நசுங்கிக் கிடக்கிறது. ஆனால் இவள் வாசலில்...

தொப். தொப்.

கிரீச்.

டொக்.

சலக்... சலக்.

அப்புறம் ஒரு அமைதி. உதைக்கிற சத்தம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மறுபடியும் தொப், தொப். முதலிலிருந்து. நெய்யும் புகையும் கலந்த அந்த வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஜன்னலில் பார்த்தாள். பனிமூட்டம். ஆள் இல்லை, வண்டி இல்லை. நன்றாக வெளிச்சம் வரும்வரை அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

யாரப்பா அது, கதவைத் திறந்தது? மூடு. காற்று அடிக்கிறது.

பயந்து போயிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? சந்தோஷப்பட்டாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இன்னும் கிளம்பவில்லை என்றுதானே அர்த்தம். தினமும் அந்த நேரத்துக்கு முன்பே எழுந்து கதவில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. போனவனைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறாள் அந்தப் பெண்.

ஆனால் குழந்தை... அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும். அழாது. கதவு இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு கிடக்கும். விடிந்த பிறகும் தூங்காது. ராத்திரியும் தூங்காது. பால் குடிப்பது குறைந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, ஆனால் தூக்கம் இல்லாமல் இப்படியே போனால் பிள்ளை தாங்காது என்றார்.

பாண்டியராஜ் துணைக்கு வந்து தங்கினான். காட்டெருமை ரோட்டை மறித்து நின்றால் இறங்கிப் போய் விரட்டுகிற ஆள் அவன். அந்தச் சத்தத்தைக் கேட்டு, அந்தக் குளிரிலும் வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போனதாம். ஆனாலும் டிரைவர் காது இல்லையா? விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அம்மிணி, எல்லாந்தான் பாத்துட்டானே. அப்பறம் ஏன் உதைக்க மாட்டேங்கறான்?"

இந்துமதி கதவிலிருந்து காதை எடுத்தாள்.

"நாந்தாண்ணா சத்தம் பண்ணாதீங்கன்னு சொன்னேன்."

"அப்ப நீதான் சொல்லோணும் கண்ணு. அவன் உன்ற வார்த்தைக்குத்தான் நிக்கறான்."

"சொன்னா போயிருவாருண்ணா."

"சொல்லாட்டி புள்ள போயிரும் அம்மிணி."

மறுநாள் அதே நேரம். தொப், தொப். கிரீச். டொக். சலக். உள் அறையில் தொட்டில் அசைந்தது. இந்துமதி முன் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். பாண்டியராஜ் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"ஏனுங்க..." கதவில் உள்ளங்கையை வைத்து மறுபடியும் சொன்னாள். "ஏனுங்க, புள்ள முழிச்சா முழிக்கட்டும். நான் ஆட்டித் தூங்க வெச்சுக்கறேன். நீங்க உதைச்சு, லைட்டப் போட்டு... நல்லா பாத்துப் போங்க."

வெளியே சத்தம் நின்றது. கதவுக்கு மிக அருகில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

அப்புறம் உதைத்தான்.

லயமே எழுந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் மஞ்சளாக வட்ட வெளிச்சம். அதை எல்லோரும் பார்த்தார்கள், வண்டியை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கீழே இறங்கியது. முதல் வளைவில் கியர் குறைந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவது... இந்துமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக... மெதுவாக... ஒரு ஹாரன். தாண்டிவிட்டான். மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அவன் கட்டையில் போகும்போது அழாத அழுகை எல்லாம் சேர்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுது தீர்த்தாள். லயத்துப் பெண்கள் வெளியே நின்று அழுதார்கள். கதவைத் தட்டி அவளைத் தேற்ற ஒருவருக்கும் தெம்பில்லை.

அழுது ஓய்ந்து உள் அறைக்குப் போனாள். அத்தனை சத்தத்திலும் குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம், உடம்பு தேறுகிற தூக்கம். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. திருஷ்டிப் பொட்டு வைக்கிற அதே இடம். அவள் வைக்கவில்லை. விமல் போனதிலிருந்து அந்த வீட்டில் மை டப்பாவை யாரும் திறக்கவே இல்லை.

தொட்டுப் பார்த்தாள். செயின் கிரீஸ்.

அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். அதை மறித்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

நம் ஊர்க் குளிரில் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும், உங்களுக்கே தெரியும். இது இளகியிருந்ததாம். தொட்ட விரலுக்கு... இளஞ்சூடாக இருந்ததாம்.