வர்ணம் பூசிய குச்சிகள்

— இன்னும் அந்த யோசினையிலதான் நிக்கிறியளோ, சுதர்ஷினி ரீச்சர்? வேன் இப்ப அட்டனுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். வந்தவை எல்லாரும் சிரிச்ச முகத்தோடதான் போயிருக்கினம்.

— ஒன்னுமில்லைங்க துரைராசா சேர். மழைய பாத்துக்கிட்டு இருந்தேன். மத்தியானம் புடிச்சது, இன்னும் விடல.

— பொகவந்தலாவையில மழை பெய்யாட்டித்தான் புதினம். பின்லாந்து மேடம் போகேக்கை என்னட்ட என்ன சொன்னவா தெரியுமோ? இந்தப் பயிற்சித் திட்டத்தில தான் பாத்த பாடங்களுக்குள்ள இதுதான் வடிவான பாடமாம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து இஞ்சை விஞ்ஞான ஆலோசகரா வந்து, அட்டைக்கடி வாங்கித் தோட்டப் பள்ளிக்கூடமெல்லாம் ஏறி இறங்கினதுக்கு இண்டைக்குத்தான் பலன். அடுத்த முறை பின்லாந்துக்குப் படிக்கப் போற ஆக்களிலை உங்கடை பேரைத்தான் முதல் குடுக்கப்போறன்.

— சந்தோசம் சேர்.

— சந்தோசப்படுற முகமே இது?

— சேர், பாடம் முடியிறப்ப நிரூபா எழும்பி, "அப்ப நாங்க வீட்டுக்குப் போகலாமா டீச்சர்?"ன்னு கேட்டாள்ல. நான் பதில் சொல்ல வந்தேன். நீங்க பின்னால நின்னு வேணாம்னு தலைய ஆட்டுனீங்க.

— ஆட்டினனான்தான். தேடல் வழிக் கற்பித்தல் எண்டால் முடிவை ரீச்சர் சொல்லக்கூடாது. ரீச்சருக்கு மூண்டு கேள்விதான். என்ன கண்டாய்? அது எப்பிடித் தெரியும்? வேறை காரணம் இருக்கேலுமோ? மிச்சத்தைப் பிள்ளையள்தான் கண்டுபிடிக்கவேணும். அதைச் சொல்லித்தரத்தானே அவை அவ்வளவு தூரத்திலயிருந்து வந்தவை.

— நானும் அப்படித்தான் திருப்பிக் கேட்டேன். நீ என்ன பாத்த, நிரூபான்னு. நூல் தொங்குது டீச்சர், மலை நின்னுருச்சு, போகலாம்னு அவளே சொல்லிட்டா. ஜன்னலுக்கு வெளிய நின்ன தாய்தகப்பன் எல்லாம் கை தட்டுனாங்க.

— அதுதானே வடிவு.

— ஆனா இது பயறு முளைக்கிற பாடம் இல்லைங்களே சேர்.

— பயறு முளைக்கிறதைச் செய்யுங்கோ எண்டுதான் நானும் முதல் சொன்னனான். நீங்கள்தான் கேக்கேல்லை.

— புள்ளைங்க கேக்குற கேள்வியிலருந்து தொடங்கச் சொன்னதும் நீங்கதான். "எங்க லயத்து வீட்டுக் காம்பரா கதவு ஏன் டீச்சர் சாத்த மாட்டேங்குது?"ன்னுதான் அவ கேட்டா. அதை நான் எப்படி பயறாக்குறது? காரணத்த தேடிக்கிட்டே புள்ளைங்க லயத்துக்கு மேல ஏறுனாங்க. தேயிலைக்கு நடுவுல அந்த வெடிப்பு கெடந்துச்சு. மேல ஒரு குச்சி, கீழ ஒரு குச்சி நட்டு, வெடிப்புக்குக் குறுக்க நூல தளர்வா கட்டுனாங்க. மண்ணு நகந்தா நூல் இறுகும்னு அவங்களே யோசிச்சாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல.

— அந்த யோசினைக்குத்தான் மேடம் மயங்கினவா.

— நூல் இறுகுச்சு சேர். வாரத்துக்கு வாரம் இறுகுச்சு. தோட்டக் கந்தோர்லருந்து தொரையோட ஆளுங்க வந்து பாத்து, ஒன்னும் ஆகாது, லயத்துலயே இருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதை யாரும் நம்பல. புள்ளைங்க கட்டுன நூலத்தான் நம்புனாங்க. பாய், சட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நம்ம பள்ளிக்கூட ஹாலுக்கு வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை நான் போய் தொட்டுப் பாத்தேன். விரலால தட்டுனா சத்தம் கேக்கும், அப்படி இறுகி இருந்துச்சு. இன்னைக்குக் காலையில எல்லாரும் மேல ஏறிப் பாத்தப்ப மொத நாள் மாதிரி தொங்குது.

— மண் ஒடுங்கியிருக்கும். இடையில வெயில் எறிச்சதுதானே.

— அங்க மேல எங்கங்க சேர் வெயில்? மிஸ்ட்டு மூடிக் கெடந்துச்சே.

— வந்த நிபுணர்மாரே ஒண்டும் கேக்கேல்லை, ரீச்சர். நீங்கள் ஏன் கிளறுறியள்?

— அவங்களுக்கு வெள்ளிக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு தெரியாது.

— உள்ள வரலாங்களா டீச்சரம்மா?

— யாரு, இராமையா அண்ணனா? வாங்க. இப்படி நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்களே.

— ஹால் சாவிய குடுக்க வந்தேங்க. கூட்டி, கழுவி விட்டாச்சு. கடைசி சாமான் இப்பதான் லயத்துக்குப் போச்சு. எல்லாரும் அவங்கவங்க காம்பராவுக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க அடுப்பு பத்த வச்சுட்டாங்க.

— இந்த மழை விடுற வரைக்குமாவது ஹால்லயே இருந்திருக்கலாமேண்ணே.

— அட போங்கம்மா. எத்தன நாளைக்குத்தான் வயசுக்கு வந்த புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒரே ஹால்ல ஊரோட படுக்குறது? நிரூபா எம்புட்டு தைரியமா அந்த வெள்ளைக்கார அம்மாகிட்ட சொன்னா, மலை நின்னுருச்சுன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு. தொரை சொன்னா நம்ப மாட்டேன், கணக்கப்புள்ளை சொன்னா நம்ப மாட்டேன். நான் பெத்த புள்ளை அளந்து பாத்து சொல்லுது, அதையும் நம்பாட்டி எப்படி? எங்க காம்பராவத்தான் முதல்ல தொறந்தோம்.

— கதவு ஒழுங்கா தொறந்துச்சாண்ணே?

— அதுதாங்க கொஞ்சம் மல்லுக்கட்டுச்சு. முன்ன அடியிலதான் புடிக்கும். இப்ப மேலயும் புடிக்குது. தோளக் குடுத்து தள்ளுனேன், தொறந்துச்சு. மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியும் செவப்பா கலங்கி வருது. துணி கட்டிப் புடிக்கிறாங்க. மழைன்னா அப்படித்தான். சேர், உங்களுக்கும் ரொம்ப புண்ணியங்க. குச்சிக்கு செவப்பும் வெள்ளையும் பூசி கோயில் செவுரு மாதிரி ஆக்கிட்டீங்க. வாறேன் டீச்சரம்மா. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்.

— பாத்துப் போங்கண்ணே. அவரு போயிட்டாரு. கேட்டீங்களா சேர்? கதவு.

— மழைக்குப் பலகை ஊதும், ரீச்சர். எங்கடை வீட்டிலயும் மாரிக்குக் கதவு இறுகும். வேறை காரணம் இருக்கேலுமோ எண்டு பாக்கவேணும் எண்டதுக்கு இதுதான் நல்ல உதாரணம்.

— அது தகரக் கதவு சேர். தகரம் ஊதுங்களா?

— எனக்கு அது தெரியாதுதானே.

— நீங்க ஏன் வேன்ல போகல?

— நான்... கடைசி பஸ்ஸிலை போகலாம் எண்டு நிண்டனான்.

— மேடம் எவ்வளவோ கூப்பிட்டாங்க. முன் சீட்ட உங்களுக்குன்னு விட்டு வச்சிருந்தாங்க. நீங்க போகல. பாடம் முடிஞ்சதுலருந்து இந்த வாசலுக்கும் மேசைக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க. சனம் சாமான் தூக்கிக்கிட்டு எறங்குனப்ப நீங்க அந்தப் பக்கம் பாக்கவே இல்ல.

— ரீச்சர், நீங்கள் ஏதோ பொலிசு மாதிரிக் கேக்கிறியள்.

— காலையில எல்லாருக்கும் ஒரு போட்டோ காட்டுனீங்களே, வர்ணம் பூசுன குச்சி. அத காட்டுங்க.

— இந்தாங்கோ. இதில என்ன இருக்கு?

— கீழ்க் குச்சி நேரா நிக்குது.

— நேராத்தானே நிக்கவேணும். பாக்க வாற ஆக்களுக்கு வடிவா இருக்கட்டும் எண்டு.

— வெள்ளிக்கிழமை அது மேல பாத்து சாஞ்சு நின்னுச்சு சேர். நூல் இழுத்து சாஞ்சுச்சு. நேத்து நீங்க குச்சிய புடுங்காமயா வர்ணம் பூசுனீங்க?

— ஈரக் குச்சியில வர்ணம் பிடிக்காது, ரீச்சர். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு போய்ப் புடுங்கி, துடைச்சு, காயவைச்சுத்தான் பூசினனான். விடியக்காலமை திரும்ப ஊண்டி விட்டனான். கல்விப் பணிமனையில இருந்து வாற ஆக்களுக்கே சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறனாங்கள். இது வெளிநாட்டு ஆக்கள். வெட்டிப்போட்ட தேயிலைக் கவ்வாத்துக் குச்சியைக் கோணலா ஊண்டி வைச்சுக் காட்டேலுமோ?

— அதே குழியிலயா ஊண்டுனீங்க?

— குழி அகண்டு போய்க் கிடந்தது. கொஞ்சம் தள்ளி.

— ஏன் சேர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— சொல்லத்தான் இருந்தனான். காலமை வேன் வந்திட்டுது. பிறகு பிள்ளை எழும்பி அப்பிடிச் சொல்ல, எல்லாரும் கை தட்ட, மேடம் கண்ணைத் துடைக்க... அந்த நேரத்தில எப்பிடி எழும்பி, அது நான் செய்த வேலை எண்டு சொல்லுறது? இதிலை எத்தினை பேரின்ரை உழைப்பு இருக்கு. ஒரு குச்சிதானே எண்டு நினைச்சிட்டன்.

— நான் அவளுக்கு பதில் சொல்லியிருக்கணும் சேர். போகாதன்னு சொல்லியிருக்கணும். உங்க தலையாட்டலுக்கு வாய மூடிக்கிட்டேனே.

— அழாதேங்கோ, ரீச்சர். ஒண்டும் நடக்காது. நான் கட்டின நூலும் இண்டைக்கு முழுக்கத் தளர்வாத்தானே நிண்டது.

— நீங்க கட்டுன நூலா? குச்சியத்தானே புடுங்கி நட்டேன்னு சொன்னீங்க. பழைய நூல் எங்க சேர்?

— அது... கொழுந்தெடுக்கிற பெண்டுகளின்ரை கால் பட்டிருக்கும் எண்டு நினைச்சனான்.

— நீங்க சொல்லிக்குடுத்த கேள்வியவே கேக்குறேன். நேத்து நீங்க மேல போனப்ப என்ன கண்டீங்க? நூல் இறுகி இருந்துச்சா?

— இறுகி இருக்கேல்லை.

— அப்ப?

— அறுந்து கிடந்தது.

— கால் பட்டுத்தான் அறுந்துச்சுன்னு எப்படித் தெரியும்? சொல்லுங்க சேர். இராமையா இப்ப லயத்துக்குப் போய்ச் சேந்திருப்பாரு. நிரூபா அங்கதான் இருக்கா. கால் பட்டுத்தான் அறுந்துச்சா?

— முதல் நான் புது நூல் கட்ட நினைக்கேல்லை, ரீச்சர். அறுந்த ரெண்டு நுனியையும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவம் எண்டுதான் குனிஞ்சனான். வெடிப்புக்கு மேலால இழுத்து இழுத்துப் பாத்தன். ஒண்டையொண்டு எட்டேல்லை.