பதினெட்டு கிலோமீட்டர் மீதி

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற அந்த விளையாட்டில் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் முன்னால் போகிற கார் ஒதுங்காது, பானு அக்கா. எங்கள் அம்மாவுக்கு அது ஒன்றுதான் குறை. "என்னடி ஊரு இது? நம்ம ஊருல இப்படி மறிச்சுக்கிட்டுப் போனா இறங்கிவந்து சட்டையப் பிடிச்சுருவாக" என்பாள். மற்றபடி அதில் எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருங்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாம். அன்றைக்கு நீ விசில் ஊதினாயா, இல்லையா. உங்கள் அப்பா ஜெயிலிலிருந்து வருவது அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று வக்கீல் சொன்னது எனக்கும் கேட்டது. அதனால் முதலில் உங்களிடம் முறையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கையில் பிடிக்கிற கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தது செந்தூர்பாண்டி அத்தான். மதுரையில் ரிப்பேர் கடையில் இருக்கிறார். யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராததைச் சரிபண்ணிக் கொண்டுவந்தார். பரீட்சை அட்டையில் பாதி அகலம். இரண்டு பக்கமும் பிடி, நடுவில் ஸ்கிரீன், ஒரு மூலையில் விரிசல். பார்த்தால் சின்னப் பிள்ளைச் சாமான், உள்ளே முழுக் கம்ப்யூட்டர். அதற்கு மேஜை வேண்டாம், டிவி வேண்டாம். கரண்ட் போனாலும் ஓடும். எல்லாவற்றையும்விட, மேலே ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் தூங்கிவிடும். மறுபடி அமுக்கினால் விட்ட இடத்தில் விட்டபடியே நிற்கும். வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள்கூட ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மற்றதெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு. இது பத்து நிமிஷம் மட்டும் கிடைக்கிறவர்களுக்கு.

அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடையாது. அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஆறரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன். சாயங்காலம் வந்து சோறு பொங்கி, ராத்திரி உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டுவாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். வீட்டில் இரண்டு முறை அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். லாரி கிளம்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

கம்பெனியில் நடப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. போர்மேன் மகள் நீங்கள். ஒரு அறைக்கு நாலு பேர் என்று லைசென்ஸ். சீசனில் கோட்டைச்சாமி முதலாளி ஒன்பது பேரை உட்கார வைப்பார். செக்கிங் ஜீப் வந்தால் அறைக்கு நாலு பேர் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் பின்பக்கமாக ஓடிக் கருவேலங்காட்டில் பதுங்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்தைக் கூடையோடு தூக்கிப் பின்னறையில் வைக்க வேண்டும். உள்ளே யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் விசில்.

காலாண்டு லீவில் அந்த விசில் என்னிடம் வந்தது. விஸ்வநத்தம் ரோட்டிலிருந்து மண்பாதை பிரிகிற பாலத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். படிக்கிற பிள்ளையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று முதலாளி சொன்னார். ஜீப் தெரிந்தால் மூன்று முறை நீளமாக ஊதிவிட்டு, நானும் ஓடைவழியாகக் காட்டுக்குப் போய்விட வேண்டும். உங்கள் அப்பா ஆள் அனுப்பி ரோட்டைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவதற்கு இருபது நிமிஷமாவது ஆகும்.

அந்த லீவில் நான் ஐந்து முறை ஊதினேன்.

முதல் முறை அம்மா காட்டுக்கு வந்தபோது கம்பெனிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சட்டி வாணத்துக்கு மருந்து திணிக்கிற கை, விரலெல்லாம் வெள்ளிப் பொடி. பயம் மறக்கட்டும் என்றுதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை. என் தாவணியை இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டோம். அதற்குள் அம்மா லாரி ஓட்டினாள். வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவள். நாற்பதுக்கு மேல் போகவே மாட்டாள், ஏனென்றால் லோடு ஜன்னல் கண்ணாடி. ஆள் இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள்.

"இங்கன திரும்புனா திருத்தங்கலு. அந்தா கோபுரம் மாதிரி தெரியுதுல்ல, அதான் சாத்தூரு. அங்கன போயித்தான் லோடு இறக்கணும்."

மற்ற பெண்கள் தாவணிக்குள் எட்டிப் பார்த்தார்கள். "ஏ சின்னத்தாயி, நீ ஓட்டுற ஓட்டுக்குத் தீபாவளி முடிஞ்சு பொங்கலுக்குத்தான் சாத்தூரு போவ" என்றது ஒரு அக்கா.

"கண்ணாடி ஒடைஞ்சா உங்கப்பனா கட்டுவான்? கம்முனு கிட."

வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கூப்பிட்டதும் அவளே பட்டனை அமுக்கி, முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "லாரிய ஓரங்கட்டி வச்சிருக்கேன். தொட்டுராத" என்றாள்.

இரண்டாவது முறை வந்தது வெள்ளை ஜீப்தான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள். திட்டு விழும் என்று நினைத்தேன். உங்கள் அப்பா என் தலையில் கை வைத்து, "இருக்கட்டும் தாயி. தப்பா ஊதுனாலும் தப்பில்ல. ஊதாம விட்டாத்தான் தப்பு" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

மூன்றாவது முறை ரோட்டில் ஒன்றுமே வரவில்லை.

யாருக்கும் கெடுதல் நினைத்து ஊதவில்லை, அக்கா. அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். காலையிலிருந்து அந்த அறைக்குள் குனிந்தே இருப்பாளே என்று தோன்றியது. ஊதினால் வெளியே வருவாள். காற்று படும். இருபது நிமிஷம் என்னோடு இருப்பாள். அவ்வளவுதான் யோசித்தேன். அவளோடு மற்ற பெண்களும் வந்தார்கள், அவர்களுக்கும் நல்லதுதானே. நாலாவது முறையும் அப்படித்தான். அன்றைக்கு அம்மா தாவணிக்குள் ஸ்கிரீனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அடிக்கடி வாராகளே. ஜீப்பு என்ன கலருடி?"

"வெள்ளைம்மா."

ஒரு வளைவை மெதுவாகத் திருப்பினாள். "ம், வரட்டும் வரட்டும்" என்றாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் காலையில் வேன் ஏறும்போது அவளாகவே சொன்னாள். "சாத்தூருக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டருதான் கெடக்கு. இன்னைக்கு ஜீப்பு வந்தா இறக்கிப்புடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேட்டது அவள். நான் ஊதினேன்.

பதினொன்றே கால். மூன்று முறை, நீளமாக. காட்டுக்குப் போய்த் தாவணியை விரித்து, பட்டனை அமுக்கி வைத்திருந்தேன். லாரி எஞ்சின் ஓடுகிற நிலையில் நின்றது. பெண்கள் வந்தார்கள். அம்மா வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று காலையில் உங்கள் அப்பா ஆளை மாற்றியிருக்கிறார். "இப்ப அடிக்கடி செக்கிங் வாராக. உள்ள இருக்குற நாலு பேரும் பதறாத ஆளா இருக்கணும். சின்னத்தாயி, இனிமே நீ உள்ளயே இரு" என்று சொன்னாராம். அடிக்கடி வந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு வலது தோளை உயர்த்த முடியாது என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருந்தாள். மருந்துக் கூடையைத் தூக்கணும், இழுத்தால் உரசிப் பற்றிக்கொள்ளும் என்று அவர் தினமும் சொல்வார். அவள் இழுத்திருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். பின்னறையில் அவளோடு இருந்த சங்கிலிமுத்து மாமாவும் இறந்துவிட்டார், அதனால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

வெடித்த சத்தம் கேட்டதும் மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். நான் முதலில் மேலே இருந்த பட்டனை அமுக்கினேன். லாரி எங்கேயும் முட்டிவிடக் கூடாது என்று. அதன் பிறகுதான் எழுந்தேன். அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலமே கோட்டைச்சாமி முதலாளி எல்லார் வீட்டுக்கும் வந்தார். "விசிலுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. வெளிய யாரும் ஓடவும் இல்ல. அறைக்கு நாலு பேருதான். மாத்திச் சொன்னீகன்னா கம்பெனிய மூடிருவான், அப்புறம் உங்க இஷ்டம்." காட்டில் என்னோடு உட்கார்ந்து சிரித்தவர்கள் எல்லாரும் விசில் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் என்னிடம் கேட்டபோது நானும் ஊதவில்லை என்றேன். எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னேன்.

விசில் கேட்டது என்று சொன்ன ஒரே ஆள் உங்கள் அப்பா. விசில் இல்லையென்றால் மருந்தை எதற்கு அவசரமாக அள்ளினீர்கள் என்று கேட்டார்களாம். திருட்டுத்தனமாக வெளியே கடத்தினார் என்று கேஸில் எழுதிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு தீக்காயம் இல்லாமல் ஆட்களைப் பார்த்துக்கொண்ட மனிதர் என்று உங்கள் அம்மா அழும்போதெல்லாம் நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நீங்கள் முதல் தடவை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்கள். அவர் தன் கேஸைப் பற்றிக் கேட்கவில்லை. "எழிலு சாப்பிடுதா? அந்தப் பிள்ளையத் தனியா விட்டுறாதீக. பயந்துபோயிக் கெடக்கு. பயம் தெளிஞ்சா உண்மையச் சொல்லும்" என்றாராம். அப்படித்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உங்கள் பாயில் படுக்கிறேன். அத்தை எனக்குத் தனியாக முட்டை அவித்து வைக்கிறாள். நேற்று எனக்குத் தலைவாரிவிட்டபோது நீங்கள் கேட்டீர்கள், "ஏ எழிலு, ஜீப்பு வந்துச்சாடி? வந்தது வெள்ளை ஜீப்பான்னு மட்டும் சொல்லு, போதும்" என்று. எனக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

ஜீப் வரவில்லை, அக்கா. விசில் ஊதினேன், ஜீப் வரவில்லை. இரண்டும் சேர்த்துத்தான் உண்மை. ஒன்றைச் சொன்னால் அடுத்ததைக் கேட்பார்கள். அப்புறம் அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்ப்பார்கள், அத்தை நினைத்துப் பார்ப்பாள், அவித்த முட்டையை நினைத்துப் பார்ப்பாள். அம்மாவைக் கொன்ற பிள்ளை என்பார்கள். அவளை வெளியே கூட்டிவரத்தானே நான் ஊதினேன். உள்ளே இருந்தால்தான் ஆபத்து என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தாலும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இறங்கும். முழுக்க இறங்கிவிட்டால் லாரி பழைய இடத்துக்குப் போய்விடும், அம்மா கடைசியாக ஓட்டிய தூரம் இல்லாமல் போகும். அதனால் தினமும் உங்கள் சார்ஜரில் போட்டு வைக்கிறேன். வலது கைப் பிடியில் அவள் கட்டைவிரல் வைத்த இடத்தில் வெள்ளிப் பொடி இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தை நான் தொடுவதில்லை. இருபத்தேழு நாளாக லாரி ஓரமாக நிற்கிறது. கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. சாத்தூருக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.

நாளைக்கு ஊதவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். சொன்னதை மாற்றிச் சொன்னால் பொய் சொல்கிறவள் என்று ஆகிவிடும்.

உங்கள் மூச்சு ஒரே சீராக வருகிறது. நீங்கள் தூங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனக்குத் தெரியும். தூங்குகிறீர்களா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இருந்தாலும் உங்களிடம் ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அக்கா. நான் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.