நாற்பது வீடுகளுக்கு நான் இட்ட புள்ளடி

அவையைத் தம் அமைதியினாலேயே ஆளுகின்ற தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மீனாம்பிகை அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முதுமையும் முறுவலுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கத்துக்கு வந்திருக்கும் அன்னையர்களே! கதவோரம் கைத்தொலைபேசியும் கையுமாய் நின்று, என்னைப் பார்த்தும் பாராமலும் இருக்கும் இளைஞர்களே! கரவெட்டி மண்ணின் மக்களே! இந்தச் சனசமூக நிலையத்தின் செயலாளர் சோமசேகரத்தின் நெஞ்சம் நிறைந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

ஆண்டறிக்கை வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். அறிக்கை உங்கள் கைகளில் இருக்கிறது. அதில் அச்சேறாத ஒன்றைச் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

மாசி மாதத்தில் நம் ஊருக்குக் கம்பியில்லா இணையம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு நிறுவனம் நாற்பது வீடுகளைத் தெரிந்தெடுத்து, இரண்டு மாதம் பரீட்சார்த்தமாகத் தருகிறோம் என்றது. கம்பி வேண்டாம், கம்பம் வேண்டாம், காத்திருக்கவே வேண்டாம் என்றார்கள்! வெள்ளைப் பெட்டி வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. படம் வந்ததா? பாதி வந்தது. பேச்சு வந்ததா? விட்டு விட்டு வந்தது. என்ன அக்கா, தலையாட்டுகிறீர்கள்? ஓம், உங்கள் வீட்டிலும் அதே கதைதான். இன்று எனக்குத் தெரியும். அன்று நான் கேட்கவே இல்லை.

அந்த நாற்பதில் ஒரு வீடு தில்லைநாதனுடையது. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருபத்திரண்டு வருடம் பேருந்து நடத்துநராக நின்ற மனிதர். அவர் குரலைக் கேட்டுத்தானே நாம் தூக்கம் கலைந்து இறங்கினோம்? அந்தக் குரலை, சென்ற வருடம் பாரிசவாதம் பறித்துக்கொண்டது. வலது கை விழுந்தது, வாய் கோணியது, சொல் குழறியது. கொழும்பிலிருந்து தக்சாயினி என்ற பேச்சுப் பயிற்சியாளர், செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு, வீடியோ வழியாகப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவருடைய மனைவி சுபாஜினி அந்தப் பெட்டியை ஆசையோடு வாங்கி யன்னலில் வைத்தார்.

முதல் நாள், "அம்மா சொல்லுங்கோ ஐயா" என்றார் தக்சாயினி. இவர் உதட்டைக் கூட்டி, உயிரைக் கூட்டி, "அம்..." என்றார். எதிரே அந்த முகம் அப்படியே உறைந்து நின்றது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, கல்லாய் நின்றது. பிறகு திரையே கறுத்துப் போனது. இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி.

சுபாஜினி என்னிடம் வந்தார். "அண்ணை, உந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதில்லை." நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் பொறு தங்கச்சி, புதுசுதானே!" என்றேன்.

அவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பெட்டியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டார். யன்னலில் வைக்கச் சொன்னார்கள். யன்னலில் தானே இருக்கிறது என்றார். பதினொரு முறை எடுத்த பிறகு, ஒரு பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாராம்: "அம்மா, உங்கட ஊரிலை நாற்பது வீடும் மிக நன்று எண்டு எழுதியிருக்கினம். பிழை உங்கட வீட்டிலைதான் இருக்கும்."

நாற்பது வீடும் எழுதியதா? இல்லை, என் உறவுகளே, இல்லை! எழுதியது ஒரே ஒரு கை. இதோ, இந்தக் கை!

வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பும்படி நிறுவனம் படிவங்களை என்னிடம்தான் தந்திருந்தது. நான் வாசிகசாலை மேசையில் இருந்தபடியே நாற்பதுக்கும் 'மிக நன்று' என்று புள்ளடி போட்டேன். சோம்பலா? அல்ல. பயம். குறை சொன்னால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். மின்சாரமில்லாமல் படித்தோம், தொலைபேசியில்லாமல் தவித்தோம். வந்தது எதுவானாலும் வாய்திறவாமல் வாங்கிக்கொள்ளப் பழகியவனின் பயம் அது. ஆனால் என் பயத்துக்குப் பலியானது யார்?

ஒரு காலைப்பொழுதில் சுபாஜினி மீண்டும் வந்தார். கிழித்த கலண்டர் தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். இடது கையால், கோணல் மாணலாக, தில்லைநாதன் எழுதியிருந்தார்: 'நான் கதைக்கிறது அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லை. அதுதான் அப்பிடி முழிக்குது. இனி வேண்டாம்.'

"ஒன்பது நாளாச்சு அண்ணை," என்றார் சுபாஜினி. "வாயே திறக்கிறாரில்லை. தண்ணி எண்டு கூடக் கேக்கிறாரில்லை."

படம் நின்றதைத் தன் பேச்சின் பிழை என்று நம்பிவிட்டார் அந்த மனிதர்! என்னால் அந்த மேசையில் இருக்க முடியவில்லை. சுபாஜினியோடேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தில்லைநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நிலத்தில் இருந்தேன்.

"தில்லை, பிழை உன்ரை வாயிலை இல்லையடா. லைனிலை. அதை மறைச்சுப் பொய் எழுதினது நான்."

அவர் என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன யோக்கியமாய்ச் செய்திருந்தேன்? சுபாஜினிதான் சாதாரணத் தொலைபேசியில் தக்சாயினியை அழைத்து, கணவர் காதில் வைத்தார். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"ஐயா, நீங்கள் சொன்ன 'அம்' எனக்கு வடிவா விளங்கினது. படம் நிண்டு போச்சு, அவ்வளவுதான். நான் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தனான்."

தில்லைநாதன் அழுதார். சத்தம் வந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் சத்தம் அது.

அதன் பிறகுதான் நான் செயலாளருக்குரிய வேலையைச் செய்தேன். வீடு வீடாய்ப் படலை தட்டினேன், உண்மையைக் கேட்டேன். நாற்பதில் முப்பத்தொரு வீட்டில் ஒழுங்கான இணைப்பில்லை! பனங்கூடலுக்குக் கிழக்கே ஒரு வீட்டிலும் இல்லை.

பங்குனி முடிவில், பின்னேரம் நாலு மணிக்கு, இதே மண்டபத்துக்கு நிறுவனத்தின் பொறியியலாளர் ஜெரிசன் வந்தார். பரீட்சை வெற்றி என்று அறிவிக்க வந்தவர். "ஆருக்கும் ஏதும் குறை இருக்கோ?" என்று கேட்டார். புதிய பட்டியலோடு நான் எழும்பப் போனேன். எனக்கு முன்னே எழும்பியவர் தில்லைநாதன்! மனைவியின் தோளைப் பிடித்தார். வாயைத் திறந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"எ... எங்களுக்கு... லைன்... வரேல்லை."

மூன்றே மூன்று சொற்கள்! நான் நாற்பது படிவத்தில் எழுதத் துணியாததை, நாவு எழாத மனிதர் நாலு பேர் முன்னிலையில் சொன்னார். ஜெரிசன் இடைமறிக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, "ஐயா, நீங்கள் சொன்னதை அப்பிடியே எழுதுறன். இது வெற்றியில்லை," என்றார். நான் என் பொய்யை அவர் முன் ஒப்புக்கொண்டு, பட்டியலைக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் தண்ணீர்த் தாங்கியின் மேல், பனங்கூடலுக்கு அப்பாலும் அலை எட்டும்படி, இரண்டாவது அலைவாங்கி ஏறியது. இன்றைக்கும் பெருமழைக்கு இணைப்பு அறுந்துதான் போகிறது. மறைக்கமாட்டேன். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அந்த வீட்டில் பாடம் நடக்கிறது.

அன்பானவர்களே! குறையைச் சொல்வது நன்றி மறப்பதா? இல்லை! கிடைத்ததைக் காப்பாற்ற வேண்டுமானால், கிடைக்காததைச் சொல்லத்தான் வேண்டும். நம் மௌனம் நமக்கு மட்டும் பாரமென்று நினைத்தேன். அடுத்த வீட்டுக்காரரின் கழுத்தை அது நெரித்தது. நாற்பது குடும்பங்களிடமும் இந்த மேடையில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், கடைசியில் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்ட இளைஞர்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். விழாவின் நன்றியுரையை இப்போது வழங்க வருபவர், திரு. தில்லைநாதன். ஆறு வரிதான். ஆனால் நேரமெடுக்கும். ஒருவரும் எழும்பாதீர்கள்.

வா, தில்லை.