மழைக்கு ஓடியவள்

“கஞ்சியைப் பாதியில வச்சதுதான் நான் செஞ்ச குத்தமாம் மதினி!”

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்ட குரல் இது. பேசியவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வலது கையில் முழங்கை வரை கட்டு.

“எவன் சொன்னான்?” என்றாள் மதினி.

“நஷ்டஈடு ஆபீசருதான். மழை வருதுன்னு களத்துல காஞ்ச வெடியை அள்ள ஓடினேன்ல, தட்டு நழுவிப் பத்திக்கிருச்சு. கஞ்சி நேரத்துல உன்னை யாரு ஓடச் சொன்னா, அது வேலையில சேராதுங்காரு.”

“மழை என்ன, கஞ்சி நேரம் முடியட்டும்னு காத்துக்கிட்டா நிக்கும்?”

“களத்துல தீப்பிடிச்சதுக்குத் தாலுகா ஆபீசுல அத்தாட்சி கேளுன்னாரு. அங்கன போனா, தீயணைக்கிறவுககிட்ட எளுதி வாங்கிட்டு வான்னாக. அவுகளோ, நாங்க வாரதுக்குள்ள நீங்களே அணைச்சுட்டீக, பாக்காத தீக்கு என்னத்தை எளுதங்காக.”

“அடுத்த தடவை அவுக வார வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருடி!”

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“விரலு மடங்குதா?” என்று மதினி மெதுவாகக் கேட்டாள்.

“இல்ல மதினி. இனி திரி சுத்த முடியாது. இந்த நஷ்டஈடு வரலைன்னா அடுப்பு எரியாது.”

சிவகாசி நெருங்கும்போது ஜன்னலில் தூறல் விழுந்தது. ரோட்டோரக் களத்தில் வெடி காய்ந்துகொண்டிருக்க, பெண்கள் மரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் கட்டுப் போட்ட கையையே வெளியே நீட்டிக் கத்தினாள்.

“ஏய், மழைடி! ஓடுங்க, அள்ளுங்க!”

தூக்குச்சட்டிகளைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடினார்கள்.

மதினி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“உன்னை யாருடி கத்தச் சொன்னா?”