இசோபே வரைந்த மாப்பிள்ளை

மாலை நாலே கால் மணி. ஜனவரி பதினொன்று. ஜப்பானின் யமகாட்டா மலைப்பக்கத்தில் அந்த நேரத்துக்கே விளக்குப் போட்டாக வேண்டும். கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து மேலே இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் தேவதாரு மரங்கள், மறுபக்கம் பள்ளம். பனி விழும்போது அந்தச் சாலையில் சத்தமே இருக்காது. காதில் பஞ்சு அடைத்த மாதிரி...

அந்தச் சாலையின் முடிவில் இருந்த ஒற்றை வீடு ஓவியர் இசோபேயுடையது. நான் வேலை பார்க்கும் பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் நாகாவோவுக்கு அவர் பெரியப்பா முறை. சதா கேலி பேசுகிற ஆள் நாகாவோ. இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அன்றைக்கு இசோபே ஜன்னலோரம் நின்று பனியை வரைந்துகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக வரைவது அதைத்தான். சிப்பியை இடித்துச் செய்த வெள்ளையைப் பசையில் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. வீடு முழுக்கப் பசை காய்ச்சும் வாடை. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு படம் தோக்கியோ கண்காட்சிக்குப் போகும். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும்.

வாலிபத்தில் தோக்கியோவில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் ஹிரூமா. பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவன். ஒரு நாள் இசோபேயின் படத்தின் முன்னால் கைகட்டி நின்று, பத்துப் பேர் கேட்கச் சொன்னான்: "எல்லாம் சரிடா. ஆனா உன் பனியில குளிரே இல்லையே. யாரோ பஞ்சு மெத்தையைக் கிழிச்சு உதறின மாதிரி இருக்கு."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இசோபே அந்தச் சிரிப்போடுதான் இருபத்தாறு வருஷமும் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்தார்.

சரி, வயிற்றுக்கு? கல்யாணப் படங்கள்தான். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் வரையச் சொல்லிக் கோயிலில் மாட்டுவது. பையன் என்றால் பக்கத்தில் ஒரு கற்பனைப் பெண், பெண் என்றால் ஒரு கற்பனை மாப்பிள்ளை. ஒரு காலண்டரிலிருந்து மூக்கு, இன்னொன்றிலிருந்து தாடை... ஒட்டுப் போட்டு ஒரு முகம் செய்துவிடுவார். கோயில் குரு கறாராகச் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிற யார் முகமும் அதில் வரக் கூடாது. உயிரோடு இருக்கிற யார் பெயரும் அதில் ஏறக் கூடாது. ஏறினால் செத்தவர் வந்து அவரைக் கூட்டிப்போய்விடுவார். மாப்பிள்ளைக்கு ஒரு கற்பனைப் பெயரைக் கடைசியில் குருவே எழுதிவிடுவார். அந்தப் படங்களில் இசோபே கையெழுத்துப் போட்டதே இல்லை. அவற்றைத் தன் படம் என்று சொல்லிக்கொள்ள வெட்கம்.

அன்று ஜன்னல் வழியே பார்த்தால், சாலையில் ஒரு வயதான அம்மாள் வருகிறாள். நாலு அடி வைப்பாள், நிற்பாள், பின்னால் திரும்பி ஏதோ சொல்வாள், மறுபடி நடப்பாள். பின்னால் யாரும் இல்லை. வாசலுக்கு வந்தவள் தான் உள்ளே நுழைந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. இன்னொரு ஆள் நுழைகிற அளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சாத்தினாள்.

"மேல் வீட்டு ஓவியர் நீங்கதானே? கோயில்ல அனுப்பினாங்க."

அவள் பெயர் அகுட்சு. மகள் சினாட்சு இருபத்திரண்டு வயதில், பஸ் பள்ளத்தில் சறுக்கிப் போய்ச் சேர்ந்தவள். பதினெட்டு வருஷம் ஆயிற்று.

"கனவுல வந்து நிக்கிறாய்யா. குளிருதும்மாங்கறா. தனியா இருக்கேங்கறா. நல்ல பையனா பாத்து வரைங்க. குடிக்காதவனா, வேலையில கருத்தா இருக்கறவனா..."

"வரையறேம்மா," என்றார் இசோபே. புகைப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்துக் கண்காட்சியிலிருந்து கடிதம் வந்தது. அச்சடித்த நாலு வரி. இந்த வருஷமும் இல்லை. கீழே நடுவர்களின் பட்டியலில் முதல் பெயர் ஹிரூமா.

இசோபே கடிதத்தை மடித்து வைத்தார். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. சினாட்சுவுக்காக இழுத்துக் கட்டியிருந்த பட்டுத் துணியின் முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு முகம் வேண்டும். அந்த முகம் அவர் கையில் தயாராக இருந்தது. அகல நெற்றி, சிரிக்கப்போகிற மாதிரி ஒரு பக்கம் ஏறின உதடு... இருபத்தெட்டு வயது ஹிரூமா.

தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார். வா, வந்து இவளைக் கட்டிக்கொள்... என்று ஒவ்வொரு கோட்டுக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கை தானாக ஓடியது. மணமக்களைச் சுற்றிப் பனியை விழவிட்டார். திருத்தவில்லை, அழிக்கவில்லை. இருபத்தாறு வருஷ ஆசையில் வராதது மூன்று நாள் வன்மத்தில் வந்தது. முடித்துவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தார். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் மனைவி கிமியே முள்ளங்கி ஊறுகாய்ப் பட்டறையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். கோட்டைக் கழற்றிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நின்றாள். கழற்றின கோட்டை மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என்னங்க இது... பாக்கறப்பவே குளிருதே."

 அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இசோபே இத்தனை வருஷம் காத்திருந்தார்.

கிமியே கிட்டே போய்ப் பார்த்தாள். குரல் மாறியது.

"இது ஹிரூமா இல்ல?"

அவர் தூரிகையைத் துடைத்தார்.

"கிழிங்க. இப்பவே கிழிச்சு அடுப்புல போடுங்க. அந்த ஆளு உங்களைப் பாத்துச் சிரிச்சான், சரி. அதுக்காக ஆளையே செத்தவகிட்ட அனுப்பி வெப்பீங்களா?"

"அவன் மேல கோபம்லாம் போயிடுச்சு, கிமியே."

"அப்புறம் என்ன?"

"இது மாதிரி இன்னொண்ணு என்னால வரைய முடியாது. அவ்ளோதான்."

"இருபத்தாறு வருஷமா ஊறுகாய் போட்டு உங்களுக்குச் சோறு போட்டேன். ஒரு நாள் என் மூஞ்சிய வரைஞ்சிருப்பீங்களா? செத்தவளுக்கு வரையறீங்க, ஆகாதவனை வரையறீங்க..."

அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். இசோபே தூரிகையில் மையைத் தொட்டு, மாப்பிள்ளையின் காலடியில் வெறுமையாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். இசோபே கன்ஜி. வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்படாமல் போட்ட கையெழுத்து.

இருபதாம் தேதி அகுட்சு அம்மாள் வந்தாள். படத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து தேம்பினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே குனிந்தாள்.

"மாப்பிள்ளை பேரும் போட்டுட்டீங்களா? இசோபே... கன்ஜி. பாந்தமா இருக்குய்யா."

அவளுக்கும் கோயிலில் இருப்பவர்களுக்கும் அவர் வெறும் 'மேல் வீட்டு ஓவியர்'தான். வாசலில் இருந்த பெயர்ப்பலகை பனியில் புதைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இசோபே வாயைத் திறந்தார். அது என் பெயர் அம்மா என்று சொன்னால் சுரண்டிவிடச் சொல்வாள். அந்த வரி அழிந்தால் இது யார் வரைந்தது என்று எவனுக்குத் தெரியப் போகிறது? ஒரு மூச்சு நேரம் தயங்கினார்.

அதற்குள் அவள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே யாரும் இல்லை.

"பேரு கேட்டியாம்மா?" என்றாள். "மறந்துடாதே."

படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு அறையில் மெல்லிய கற்பூர வாடை இருந்தது. பெட்டியில் பல வருஷம் மடித்து வைத்த கல்யாண உடுப்பின் வாடை...

அன்று மாலை கிமியேக்கு மனசு கேட்கவில்லை. ஹிரூமா வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை அனுப்புவான். இசோபே அதை அடுப்புப் பற்றவைக்கத்தான் உபயோகிப்பார். அதில் ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஹிரூமாவின் மனைவி எடுத்தாள். ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்து கிமியே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"செத்துட்டாருங்க."

இசோபேயின் முகம் வெளிறியது.

"ஒன்பதாம் தேதியே. வீட்டோட காரியத்தை முடிச்சுட்டாங்களாம், வெளிய யாருக்கும் சொல்லலையாம். அகுட்சு அம்மா இங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போயிட்டாரு." அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா. உயிரோட இருக்கற யாரோட முகமும் இல்ல. உங்க மேல பாவம் இல்ல."

இசோபே சிரிக்க ஆரம்பித்தார். கசப்பான சிரிப்பு. பழி வாங்கக்கூட விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டானே பாவி. அந்தப் பனியைப் பார்க்காமலேயே போய்விட்டானே.

"கையெழுத்து போட்டதை அந்தம்மா மாப்பிள்ளை பேருன்னு நெனைச்சுக்கிச்சு," என்றார் சிரிப்போடு சிரிப்பாக.

கிமியே சிரிக்கவில்லை.

"எங்க போட்டீங்க?"

"மாப்பிள்ளை காலடியில."

கிமியே எழுந்து சுரண்டும் கத்தியைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"காலைல மொதல் பஸ்ல கோயிலுக்குப் போங்க," என்றாள். "சுரண்டிட்டு வாங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

போனார். சட்டைப்பையில் சுரண்டும் கத்தியும் இருந்தது. கோயில் கூடத்தில் நூறு நூற்றைம்பது கல்யாணப் படங்களுக்கு நடுவே அவருடையதை மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டார். "யாருப்பா வரைஞ்சது? இந்தப் பனியைப் பாரேன்," என்றார் இன்னொருவர். இசோபே ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்கள் போனதும் சுரண்டலாம் என்று இருந்தார். ஆட்கள் போனார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் நின்றார்கள், அவர்களும் நடுங்கினார்கள். பகல் முழுக்க அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலை கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது கிமியேக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் அதைக் கேட்டதே இல்லை.

"எல்லாரும் நின்னு பாக்கறாங்க கிமியே! ஒருத்தர் கையுறை போட்டுக்கிட்டாரு, தெரியுமா?"

"சுரண்டினீங்களா?"

 பனியில் அவர் காலணி நறநறவென்று அமுங்கும் ஓசை.

"...முடியல, கிமியே."

அப்போது அவளுக்கும் கேட்டது. அந்த நறநறவுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். டக்... டக்... டக். மரச்செருப்பு. கல் பாவிய தரையில் நடப்பது போலத் துல்லியமாக.

"யாருங்க கூட வர்றது?"

"யாரும் இல்லையே. இரு... பனியில எப்படி மரச்செருப்பு டக்டக்னு கேக்கும்?" நடை நின்றது. மரச்செருப்பு நிற்கவில்லை. நிதானமாகக் கிட்டே வந்தது. "கற்பூர வாடை அடிக்குது, கிமியே."

"ஓடுங்க!" என்று கத்தினாள். "நிக்காம ஓடி வாங்க!"

சத்தம் அவர் பக்கத்தில் வந்து நின்றது. இசோபே பேசியது அவளிடம் இல்லை.

"பாத்து வாங்க," என்றார் மரியாதையாக. "வழி குறுகல்."

போன் அணைந்தது.

கிமியே விளக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடினாள். சாலையில் ஒருவரும் இல்லை. மறுநாள் காலை பனி தள்ளும் வண்டிக்காரர்தான் பார்த்தார். சாலையை விட்டு இருபது அடி உள்ளே, தேவதாரு மரத்தடியில் இசோபே மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சடங்கில் உட்காருவது போல. உயிர் இல்லை. வலது தோளில் ஒரு சாண் பனி. இடது தோளில் ஒரு துளி இல்லை... யாரோ விடிய விடியச் சாய்ந்திருந்த மாதிரி.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அகுட்சு அம்மாள் வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இந்தத் தடவை தனியாக வந்தாள். நுழைந்த உடனே கதவைச் சாத்தினாள்.

"ஓவியர் ஐயா இல்லீங்களா?"

"இல்ல," என்றாள் கிமியே.

"ஒரு உதவி வேணும்மா. பொண்ணு கனவுல வந்தா. மாப்பிள்ளை எந்நேரமும் வரைஞ்சுக்கிட்டே இருக்காராம். இவளைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாம். வெள்ளை தீந்துபோச்சுன்னு கேக்கறாராம். ஐயா எந்த வெள்ளை வெச்சிருந்தாருன்னு தெரிஞ்சா வாங்கிக் கோயில்ல படைச்சுடுவேன்."

கிமியே நெடுநேரம் அவளையே பார்த்தாள்.

"வேற ஏதாவது கேட்டாராமா?" என்றாள். "வேற யாரைப் பத்தியாவது?"

அந்த அம்மாள் யோசித்தாள். பாவம், உண்மையாகவே யோசித்தாள்.

"இல்லையேம்மா. வெள்ளை மட்டுந்தான்."

கிமியே உள்ளே போய் அலமாரியிலிருந்த சிப்பி வெள்ளை டப்பாக்கள் அத்தனையையும் எடுத்து வந்தாள். பதினொரு டப்பா. ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. பையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழிட்டாள். அந்த மாதமே வீட்டை விட்டு ஊருக்குள் குடிபோனாள். அந்தக் கோயில் பக்கம் இன்றுவரை போகவில்லை.

நாகாவோதான் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். படம் அதே இடத்தில்தான் தொங்குகிறதாம். ஆனால் அதில் பனி ஏறிக்கொண்டே இருக்கிறது. மணப்பெண்ணுக்கு இப்போது கழுத்து வரை வந்துவிட்டது. முகம் மட்டும் வெளியே தெரிகிறது... வாயைத் திறந்தபடி.