ஜெயிச்சவர் கேட்ட அப்பீல்

தியேட்டர்காரர்: வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், மச்சான். அப்பீல் போட்டீங்களா, இல்லையா?

பட்டறைக்காரர்: தோத்தவன் நானு. உங்களுக்கு என்ன மாப்ள அவசரம்?

தியேட்டர்காரர்: இல்ல... சும்மாதான். உங்க தங்கச்சி கேக்கச் சொன்னா.

பட்டறைக்காரர்: வழக்கு போட்ட நாள்லேர்ந்து அவ என் பேச்சையே எடுக்கறதில்ல. வேற பொய் சொல்லுங்க.

தியேட்டர்காரர்: சரி, நான்தான் கேக்கறேன். போட்டுடுங்களேன்.

பட்டறைக்காரர்: எதுக்கு? தீர்ப்பு தெளிவா இருக்கு. மிச்சம் இருநூறு சீட்டையும் ஒத்துக்கிட்ட மாதிரியே நான் செஞ்சு தரணும். நீங்க பணத்தக் குடுத்து வாங்கி உங்க தியேட்டர்ல மாட்டிக்கணும். செஞ்சுட்டுப் போறேன்.

தியேட்டர்காரர்: என்ன மச்சான் இப்படிப் பொசுக்குனு... நியாயம் உங்க பக்கம் இருக்கு!

பட்டறைக்காரர்: இத ஜட்ஜ் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

தியேட்டர்காரர்: பாதி வேலையில, சீட்டுக்கு சீட்டு கப் வைக்க வளையம் வேணும்னு இழுத்தது நான்தானே? ஒப்பந்தத்துல அது கிடையாதே! அதனாலதானே நிறுத்துனீங்க?

பட்டறைக்காரர்: வளையமா? அப்படி ஒண்ணு கேக்கவே இல்லன்னு கூண்டுல ஏறிச் சொன்னது யாரு?

தியேட்டர்காரர்: அது... வக்கீல் சொல்லச் சொன்னார்.

பட்டறைக்காரர்: கெட்டிக்காரர். ஜெயிச்சுக் குடுத்துட்டாரே.

தியேட்டர்காரர்: கிண்டல் பண்ணாதீங்க. அங்க சீட்டு மாட்ட இடமே இல்ல.

பட்டறைக்காரர்: அவ்ளோ பெரிய ஹால்ல...

தியேட்டர்காரர்: ஹால்ல திரையே இல்ல மச்சான். பாதி சீட்ட வச்சுக்கிட்டு யாருக்குப் படம் ஓட்டறது? மெத்தைக் கம்பெனிக்குக் குடோனா விட்டுட்டேன். கூரை முட்ட மெத்தை.

பட்டறைக்காரர்: கோர்ட்டுல சொல்லல?

தியேட்டர்காரர்: சொன்னா வழக்கு நிக்குமா? இப்ப நீங்க சீட்ட இறக்கினா பணமும் குடுக்கணும், குடோன்காரனையும் கிளப்பணும். மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

பட்டறைக்காரர்: ம்... நான் இரும்புக்கு வேற சொல்லி வச்சுட்டேனே...

தியேட்டர்காரர்: ஐயோ!

பட்டறைக்காரர்: அப்பீல் போட்டா நீங்க எதிர்த்து நிப்பீங்க.

தியேட்டர்காரர்: நிக்கவே மாட்டேன். சீட்டும் வேணாம், நஷ்ட ஈடும் வேணாம், ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடலாம்னு எழுதித் தரேன். போதுமா?

பட்டறைக்காரர்: அப்ப இதுல ஒரு கையெழுத்து.

தியேட்டர்காரர்: என்னது... டைப் அடிச்சே வச்சிருக்கீங்க?

பட்டறைக்காரர்: எதுக்கும் இருக்கட்டுமேன்னு. நல்லா படிச்சுப் பாத்துப் போடுங்க.

தியேட்டர்காரர்: படிக்கிறதுக்கு என்ன இருக்கு... இந்தாங்க. அப்பாடா! ஆமா, நான் வீம்புக்கு நின்னிருந்தா, நெஜமாவே இருநூறு சீட்டையும் கொண்டாந்து இறக்கியிருப்பீங்களா?

பட்டறைக்காரர்: எத வச்சு மாப்ள? அப்பீல் நேத்தே போட்டாச்சு. சீட்டுக்குக் குழாய் வளைக்கிற மெஷின வித்துத்தான் முத வாய்தாவுக்கே வந்தேன்.