பித்தளைக் கம்பி

— அந்தக் கரண்டு பொட்டியத் தூக்கு நைனா. காலையில மொதல் பஸ்ஸுக்கே போளூருக்கு எறங்கிடலாம். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மத்த வேல.

— உங்கம்மாவ எடுத்து மூணு நாளுகூட ஆவல, ஆனந்தா. காரியம் முடியட்டும்.

— அதுக்குள்ள அவன் ஓடிடுவான். பேரு இன்னா, தேவராஜா?

— தேவராஜுதான். போளூரு சந்தையில கூடாரம் போட்டு ஒக்காந்திருந்தான். வெள்ளக்காரன் காலத்து கரண்டு வைத்தியம், நூத்தம்பது வருசமா இருக்குதுன்னான். படம்கூட காட்டுனான். தொர ஒருத்தன் இடுப்புல கரண்டு பெல்ட்டு கட்டிக்கினு நிக்கிறான்.

— ஒடனே நம்பி இத வாங்கிட்டியா? ஒரு பேட்டரி, ரெண்டு பித்தளக் கம்பி. செத்த தவளைக்கு வெச்சாக்கூட காலு ஒதறும் நைனா! நான் பள்ளிக்கூடத்துலயே படிச்சேன்.

— நான் படிக்கலியேடா. வாதம் வந்து எட்டு மாசம் உங்கம்மா கை கட்டையாட்டம் கெடந்துது. அவன் கம்பிய வெச்சான். வெரலு மடங்குச்சு. என் வெரல புடிச்சிக்கிச்சு.

— புடிக்கல. கரண்டு இழுத்துச்சு.

— எனுக்குப் புடிச்ச மாதிரிதான் இருந்துது.

— சரி, அத வுடு. பிரஷர் மாத்திரைய எப்ப நிறுத்தச் சொன்னான்? நர்ஸக்கா வந்து பாத்துச்சாம். ரெண்டு மாசத்து மாத்திர பிரிக்காம அப்படியே கெடக்குதுன்னுச்சு.

— பிரிக்கலதான்.

— பிரிக்கலதான்னா? டாக்டர் இன்னா சொன்னாரு? மாத்திரைய வுட்டதாலதான் மண்டைக்குள்ள மறுபடியும் ரத்தக்குழா வெடிச்சுதுன்னாரு. நம்ம கேஸே அதான். அவன் சொன்னத அப்டியே சொல்லு, போன்ல எழுதிக்கிறேன்.

— மாத்திரைய மட்டும் வுட்டுடாதீங்கன்னான்.

— இன்னாது?

— ரெண்டு வாட்டி சொன்னான். நான்தான் நிறுத்துனேன். பொட்டி கைய அசைக்குது, இத்தன நாளு இந்த மாத்திர இன்னா கிழிச்சுதுன்னு.

— அம்மா ஒண்ணுமே கேக்கலியா?

— வாயி வரலியேடா அவளுக்கு. நல்ல கையால தெனம் மாத்திர டப்பாவக் காட்டுவா. அழுவா. நான் அவளோட வெளங்காத கையில கம்பிய வெச்சு, "பாரு மங்கா, என்னப் புடிக்கிற பாரு"ன்னு சிரிச்சிக்கினு இருந்தேன்.